சாயவேரின் சரித்திரம்

திண்டுக்கல் மலைக்கோட்டையை ஆண்ட மைசூர்க்காரர் காலத்தின் சின்னங்களில் இன்றைக்கும் ஜனங்களின் வாயில் வழங்குவது பேகம்பூர் என்ற பெயர். 1755-ஆம் வருஷம் பௌஜ்தாராக வந்து இந்தச் சீமையில் தம் அதிகாரத்தை வேரூன்றச் செய்த ஹைதர் அலியின் இளைய சகோதரியான அமீருன்னிஸா பேகத்தின் சமாதியும், அதை அடுத்துள்ள பெரிய பள்ளிவாசலும் அமைந்ததனால் இந்தப் பகுதிக்கு அப்பெயர் உண்டாயிற்று. 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கும்பினியாரின் வசமான பிறகும், அரசு மாறியதே தவிரப் பெயர் மாறவில்லை. பிற்காலத்தில் பேகம்பூர் தோல் வியாபாரத்தினால் பிரசித்தி அடைந்தது. சுற்றுப்புறத்து மேட்டு நிலங்களில் தானாகவே மண்டி வளர்ந்த ஆவாரஞ்செடியின் பட்டையை உரித்துக் கட்டுக்கட்டாக வண்டியில் கொண்டுவந்து, தொட்டிகளில் ஊறவைத்து, அந்தத் துவர்ப்பில் தோலைப் பதனிட்ட தொழில் அது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டையும், அதன் பின்னர் குரோம் உப்பும் தோல்ஷாப்புகளில் புகுந்தபோது ஆவாரம்பட்டைக்கு இருந்த மதிப்புக் குன்றியதை இவ்வூர்ப் பெரியவர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். ஆகையால், ஆவாரைக்கு வெகுகாலம் முன்பே அதே கதியை அடைந்த மற்றொரு செடியின் விருத்தாந்தத்தை அவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

அது சாயவேர். சித்த வைத்தியர்கள் இம்பூறல் என்பார்கள். இருமலுக்கும் இரத்த வாந்திக்கும் அவர்கள் கொடுக்கும் மருந்துகளில் அது சேரும். பார்வைக்கு அதனிடம் யாதொரு விசேஷமும் இல்லை. அடியிலிருந்தே பல கிளைகளாகப் பிரிந்து, ஒரு சாணுக்கு மேல் எழும்பாமல், தரையை ஒட்டிப் படரும் பூண்டு. ஊசிபோல் ஒடுங்கிய இலைகள். கொத்தாக மலரும் மிகச் சிறிய வெள்ளைப் பூக்கள். கடலோர மணற்பாங்கே அதன் தாய்வீடு என்றாலும், உள்நாட்டிலும் மணல் கலந்த வறண்ட தரைகளில் காண்பதுண்டு. காலில் மிதிபட்டாலும் எவரும் குனிந்து பார்க்கமாட்டார்கள். அதன் பெருமையெல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது: ஒரு முழத்துக்கும் மேலாக நேர்கீழே இறங்கும் மெல்லிய வேர், அதன் தோலில் ஆரஞ்சு நிறம், சுண்ணாம்பு நீர் பட்ட மாத்திரத்தில் செக்கச் சிவக்கும் வஸ்து.

சோழ மண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சித்திரத் துணிகளின் சிவப்பு இந்த வேரின் சிவப்புத்தான். 1611-ல் ஆங்கிலேயர் பண்டகசாலை அமைத்த நிஜாம்பட்டினத்தின் பக்கத்திலும், நெல்லூர், மசூலிப்பட்டணம் முதலிய இடங்களிலும், இராமேசுவரத்து மணலிலும், பாக் ஜலசந்திக்கு அப்பால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் இந்த வேரைத் தோண்டுவது பெரிய ஜீவனமாக இருந்தது. 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரர் முத்துக்குளிப்பையும் யானை வியாபாரத்தையும் கவனித்ததுபோலவே வேர் தோண்டும் உரிமையையும் அரசாங்க வருமானங்களில் ஒன்றாக வைத்து நடத்தினார்கள். ஒரு தேசத்தின் கஜானாவுக்குப் பணம் சேர்த்த அந்த வேரை வெயிலில் குனிந்து ஒவ்வொன்றாகப் பறித்தவர்களோ பரம ஏழைகள். அவர்களில் ஒருவருடைய பெயரும் எந்தத் தஸ்தாவேஜிலும் கௌரவமாக இடம்பெற்றதாக நான் படித்ததில்லை.

இந்தச் சாயத்தைத் துணியில் ஏற்றும் முறையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் ரசாயன சாஸ்திரம் என்ற பெயரைக் கேட்டறியாத மனிதர்கள் அநுபவத்தாலேயே கண்டுபிடித்த ரசாயனம் அது. வேரை இடித்துக் கொதிக்கவைத்த நீரில் வெறும் துணியை எவ்வளவு நேரம் போட்டு வைத்தாலும் நிறம் நிலைக்காது. முதலில் துணியைக் கடுக்காய்ப் பொடி கரைத்த எருமைப்பாலில் தோய்த்து உலர்த்துவார்கள். பிறகு சிவப்பாக வரவேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசலால் பூவும் கொடியும் எழுதுவார்கள். அதன்பின் துணி முழுவதையும் சாயவேர் நீரில் வேகவைத்தால், படிகாரம் பட்ட இடம் சிவப்பைக் கவ்விக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறிய மங்கல் நிறம், சாணி கரைத்த நீரில் நனைத்து வெயிலில் காயப்போடக் காயப்போட வெளுத்துப் போகும். நூலுக்குச் சாயமேற்றுவதாயின் சிரமம் இன்னும் அதிகம்: நல்லெண்ணெயும் சாம்பற்கார நீரும் கலந்து நூலை ஊறவைப்பதும், பிழிவதும், உலர்த்துவதும் பல நாள் தொடர்ந்து நடக்கும். படிகாரத்துக்குத் துணையாகக் காசா இலையைச் சேர்க்கும் வழக்கமும் இருந்தது. மண்ணிலுள்ள அலுமினியச் சத்தைத் தன் இலையில் சேகரித்து வைக்கும் மரம் அது என்று பிற்கால விஞ்ஞானிகள் சொன்னார்கள். சிப்பி கலந்த மணலில் விளைந்த வேருக்குச் சாயக்காரர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். படிகாரத்தோடு சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தால்தான் அந்தச் சிவப்பு பூரணமாக நிலைக்கும் என்ற உண்மை அவர்கள் கைகளுக்குத் தெரிந்திருந்தது. இந்த இரகசியத்தை அறிய ஐரோப்பியர் மிகவும் ஆவல் கொண்டனர். கெர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தம் மதத்தில் சேர்ந்த சாயக்காரர்களிடம் விசாரித்து 1742-ல் எழுதிய கடிதம் இம்முறையைப் படிப்படியாக விவரிக்கிறது. 1795-ல் வெளிவரத் தொடங்கிய ராக்ஸ்பர்க்கின் சோழ மண்டலத் தாவர நூலின் முதல் தொகுதியிலேயே இந்தச் சின்னஞ்சிறு பூண்டுக்குச் சித்திரத்துடன் இடம் கிடைத்தது.

உள்நாட்டில் இந்தச் சிவப்பைப் போற்றி வளர்த்தவர்கள் மதுரையின் நெசவாளர்களான சௌராஷ்டிரர். வைகைத் தண்ணீரின் குணத்தால்தான் மதுரைச் சிவப்புக்கு அந்த ஒளி என்பது அவர்களிடையே பரம்பரையாக வழங்கும் பேச்சு. திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியிலுள்ள சின்னாளபட்டியில், துணியை முடிச்சிட்டுச் சாயமேற்றும் அவர்களுடைய சுங்குடிச் சேலை இன்றும் உண்டு. முடிச்சுப் போடும் விரல்களும் உண்டு. சாயவேர் மட்டும் இல்லை.

இல்லாமற்போன விதம் சிந்திக்கத் தக்கது. 1868-ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இரு ரசாயனிகள் நிலக்கரித் தாரிலிருந்து அலிஜரின் என்னும் சாயப்பொருளைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். அடுத்த வருஷமே அது காப்புரிமை பெற்று ஆலைகளுக்குச் சென்றது. சாயவேரின் தோலில் இருப்பதும் அதே அலிஜரின்தான். போலிச் சரக்கொன்று வந்து நல்ல சரக்கை விரட்டியிருந்தால், அசலின் அருமை தெரிந்தவர்கள் சிலராவது அதை விடாமல் பிடித்திருப்பார்கள். இங்கே வந்ததோ சாக்ஷாத் அதே வஸ்து. தோண்டவேண்டாம், இடிக்கவேண்டாம், டப்பாவைத் திறந்தால் போதும். ஆகையால் துணியை உடுத்தியவர்களுக்கு எதையும் இழந்ததாகவே தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் சாயவேர்ச் சாகுபடி அநேகமாக ஓய்ந்துவிட்டது. நிறம் தப்பியது, எந்த மணலில் எந்த வேர் சிவக்கும் என்ற அறிவு அதை அறிந்தவர்களோடு போயிற்று. என் மனத்துக்கு இந்த நஷ்டம் சிறியதாகப் படவில்லை.

அச்செடிக்கு இனி வயல்கள் கிடைக்கப்போவதில்லையாதலால், வீட்டுத் தோட்டங்கள்தாம் அதற்கு இடம் தரவேண்டும். பேகம்பூர் போன்ற இடத்தில் அதை வளர்க்க விரும்புவோருக்குப் பழைய சாகுபடி முறையே போதிய வழிகாட்டி. இதன் விதை தூசிபோல் நுண்ணியது. காயிலிருந்து பறித்துச் சேர்ப்பது அசாத்தியம். அக்காலத்துக் குடியானவர்கள் தை மாத வாக்கில் செடியின் கீழே விதை உதிர்ந்து கலந்த மேல்மணலையே பெருக்கி எடுத்து வைத்து, அந்த மணலையே அடுத்த பட்டத்துக்கு விதையாகத் தூவினார்கள். நம்முடைய செம்மண்ணோடு ஆற்றுமணலைத் தாராளமாகக் கலந்து இளக்கி, கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து, ஐப்பசி மழையின் வேகம் தணிந்த சமயத்தில் விதைத்து, பூவாளியால் மிக மெதுவாக நீர் தெளிக்கவேண்டும். தண்ணீர் ஓங்கி விழுந்தால் விதை மண்ணுக்குள் புதைந்துபோகும். நேர்வேர் ஆழமாக இறங்கும் செடியாதலால் முளைத்த இடத்திலேயே வளரவிடுவது உத்தமம். தோல்ஷாப்புகளின் கழிவு நீரால் திண்டுக்கல்லைச் சுற்றி அநேகக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கிறது. அத்தகைய கிணற்றுநீரை நாற்றுக்கு விடாமல், சேமித்த மழைநீரை விடுவது நல்லது.

வேருக்காகப் பயிரிட்டவர்கள் இரண்டு வருஷம் பொறுத்தார்கள். உரமிட்டுச் செழித்த வேரைக் காட்டிலும், கவனிப்பாரின்றி வறண்ட மணலில் தானாக வளர்ந்த ஒல்லியான வேரே அதிகச் சாயம் தரும் என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆதலால் நீரும் எருவும் மிதமாக இருக்கட்டும். இரண்டாம் வருஷத்து இறுதியில் சில செடிகளை மட்டும் எடுத்து, வேரை நிழலில் உலர்த்தி இடித்து, படிகாரத்தில் நனைத்த பருத்தித் துண்டு ஒன்றை அந்தப் பொடி கலந்த நீரில் வேகவைத்துப் பார்க்கலாம். மற்றச் செடிகள் மறு தையில் மணலில் விதை உதிர்ப்பதற்கு அப்படியே நிற்கவேண்டும்.