ரத்தக்குடைக்கல்லும் பெருமுக்கல் கீறல்களும்

கீழ்வாலைக்கு நான் முதல்முறை போனது எழுத்தைத் தேடித்தான். விழுப்புரத்துக்கு மேற்கே, திருக்கோவிலூர் பக்கம் இருக்கிற ஊர். அங்குள்ள பாறை ஓவியங்களில் சில குறியீடுகளைச் சிந்துவெளிக் குறியீடுகளோடு ஒப்பிட்டு எழுதியவர்கள் உண்டு. நானும் ஒரு நோட்டும் சிந்துவெளி அட்டவணையுமாகப் போய் உட்கார்ந்து, இது அதுவா, அது இதுவான்னு இரண்டு மணி நேரம் பொருத்திப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினால் பன்னிரண்டு பக்கம் குறிப்பு இருக்கு. ஓவியம் எப்படி இருந்தது என்று ஒரு வரி இல்லை.

வழி கேட்டபோது ஆடு மேய்த்தவர் "ரத்தக்குடைக்கல்லுக்கா?" என்றார். ஊர்க்காரர்கள் அந்தப் பாறைக்கு வைத்த பெயர் அதுதான். அன்றைக்கு அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. இப்போது யோசித்தால், அந்த ஓவியத்துக்கு எழுதப்பட்ட நல்ல விமர்சனம் அந்தப் பெயர்தான். உருவம் என்ன, அர்த்தம் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. நிறத்தைப் பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள்.

இரண்டாம் முறை நோட்டை எடுக்காமல் போனேன். ஒரே நிறம், செங்காவி. இரும்புத்தாது கலந்த மண்தான் அது. ஒரு விலங்கின் மேல் ஒருவர், அதைக் கயிறு பிடித்து நடத்துகிற மாதிரி இன்னொருவர். முகங்கள் பறவை அலகு போல. தரை என்று ஒரு கோடு கிடையாது, முன்னே பின்னே என்பதும் கிடையாது. ஆனாலும் அந்தக் கயிறு கண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. பக்கத்துக் குறியீடுகள் படிக்க முடியாதவையாக இருந்தும் இடம் தவறி நிற்கவில்லை.

கே.சி.எஸ். பணிக்கர் ஞாபகம் வந்தார். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியவர். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம் போல, எழுத்து போல ஏதேதோ இருக்கும். படிக்கப் போனால் ஒன்றும் கிடைக்காது. அவர் சாவியை வேண்டுமென்றே ஒளித்து வைத்தார். கீழ்வாலையில் சாவி தொலைந்துவிட்டது. நிற்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான், பார்த்துத்தான் ஆகணும்.

நிறமே இல்லாமல் இதே வேலை நடந்திருப்பதைப் பார்க்கத் திண்டிவனம் பக்கம் போகவேண்டும். மரக்காணம் சாலையில் பெருமுக்கல். 1760இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த 'பெர்மகாயில்' கோட்டை இந்த மலைதான், அது வேறு கதை. இங்கே குகைப் பாறையில் கீறல்கள். வெறும் கோடும் வடிவமும். காலையில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழுந்தபோதுதான் பள்ளங்களில் நிழல் நிறைந்து கோடுகள் எழுந்து வந்தன. வர்ணம் செய்கிற வேலையை நிழல் செய்கிறது.

ஒன்று சொல்லாமல் விட்டேன். கீழ்வாலைக்குப் போன முதல் நாள், போட்டோவில் பளிச்சென்று விழட்டும் என்று பாட்டில் தண்ணீரைப் பாறையில் தெளித்தேன். சிவப்பு அப்படியே எழும்பி வந்தது. நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் பாறையிலிருந்து உப்பு மேலே வந்து ஓவியத்தின் மீது படியும் என்பதைப் பிறகுதான் படித்தேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நன்றாகத்தான் விழுந்திருக்கு. இதுவரை எங்கும் போட்டதில்லை.