ஆஸ்துமாவும் விளையாட்டும்

ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு, நோய் கட்டுக்குள் இல்லாதபோது, ஓடியாடினால் மூச்சுக்குழல்கள் சுருங்கி இழுப்பு வருகிறது. ஆனால் இழுப்புக்குப் பயந்து பிள்ளையை மைதானத்தின் ஓரத்தில் உட்காரவைப்பது வைத்தியம் ஆகாது.

மூக்கு வழியே போகும் காற்று ஈரமும் சூடும் பெற்றே நுரையீரலை அடைகிறது. ஓடும்போது வாயால் மூச்சு வாங்குவதால் வறண்ட காற்று நேராக உள்ளே பாய்ந்து, குழலின் உட்பரப்பை உலர்த்துகிறது. அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைச் சுரக்க, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஓட்டம் நின்ற 5 முதல் 15 நிமிடங்களுக்குள்தான் இருமலும் நெஞ்சிறுக்கமும் உச்சத்துக்குப் போகும். ஓடி முடித்து மரத்தடியில் உட்கார்ந்த பிறகும் விடாமல் இருமும் சிறுவனுக்குத் தெம்பு போதவில்லை என்று பயிற்சியாளர் முடிவுகட்டிவிடக் கூடாது.

நீச்சல்குளத்தின் ஈரக்காற்று பலருக்கு ஒத்துக்கொள்கிறது. மூடிய குளங்களின் குளோரின் நெடி சிலருக்கு ஆகாது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் ஆஸ்துமா உள்ள 16 வயது அமெரிக்கர் ரிக் டிமாண்ட் நொடியின் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் முதலில் வந்தார். அவர் சாப்பிட்டுவந்த ஆஸ்துமா மாத்திரையில் தடைசெய்யப்பட்ட எபெட்ரின் இருந்ததால் பதக்கம் பறிபோனது. மருந்து விவரத்தை அவர் முன்கூட்டியே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். குழு மருத்துவர்கள் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பையனுக்கு நடந்தது அநியாயம். மறு ஆண்டே அதே தூரத்தை 4 நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதரானார். இன்று இன்ஹேலரில் எடுக்கும் சால்பியூட்டமால் என்ற ஆஸ்துமா மருந்துக்கு ஊக்கமருந்து விதிகள் அளவு வரம்போடு இடம் தருகின்றன. சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா உள்ள பவுலா ராட்கிளிஃப், 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார்.

ஆஸ்துமாவோடு விளையாட, அன்றாடத் தடுப்பு இன்ஹேலரை விடாமல் எடுப்பதே அடிப்படை. மருத்துவர் சொல்லியிருந்தால், ஆட்டத்துக்கு 15 நிமிடம் முன்பு நிவாரண இன்ஹேலரையும் எடுக்கலாம். பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல உடம்பைச் சூடேற்றிவிட்டு ஆடத் தொடங்குவது நல்லது. சளி, காய்ச்சல் உள்ள நாளிலும், புகை மண்டிய நாளிலும் ஓய்வு. நிவாரண இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆடும்போது இழுப்பு வந்தால் உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து நிவாரண இன்ஹேலர் எடுக்க வேண்டும். அடங்காவிட்டால், பேசவே மூச்சு முட்டினால், 108-ஐ அழைக்க வேண்டும். இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்பதைப் பெற்றோர் விளையாட்டு ஆசிரியரிடம் இன்றே சொல்லிவைக்கட்டும்.