திரட்டு: மந்தையிலிருந்து வந்த சொல்

இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே ஓடும் நான்கு கேபிள்களை ஒரே இணைப்பாக நடத்தும் முறைக்கு 2000-இல் ஐஇஇஇ 802.3ஏடி தரநிலையை வகுத்தபோது வைத்த பெயர் 'லிங்க் அக்ரிகேஷன்'. லினக்ஸ்காரர்கள் இதையே 'பாண்டிங்' என்பார்கள், தமிழில் பிணைப்பு. அக்ரிகேஷனின் வேரோ லத்தீன் 'கிரெக்ஸ்', அதாவது மந்தை. மந்தையில் சேர்ந்தாலும் ஆடு தனி ஆடுதான். இங்கும் அப்படியே: தரவுப் பொதிகளின் வரிசை குலையாதிருக்க, ஓர் உரையாடல் முழுவதும் ஒரே கேபிளில் செல்கிறது. நான்கு ஒரு கிகாபிட் கேபிள்களைச் சேர்த்தாலும், ஒற்றைத் தொடர்பில் போகும் கோப்பு ஒரு கிகாபிட்டைத் தாண்டாது. பிணைப்பு என்று கேட்டவர் நான்கு மடங்கு வேகத்தை எதிர்பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே 'இணைப்புத் திரட்டு' என்பதே என் தேர்வு.

வெண்ணெயும் திரள்கிறதே, அதில் துளிகள் ஒன்றாகிவிடவில்லையா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மக்கள் திரளில் யாரும் கரைவதில்லை. புறத்திரட்டு என்ற தொகைநூலில் பல நூல்களின் பாடல்கள் தத்தம் உருவிலேயே இருக்கின்றன. லினக்ஸின் சுழல்முறை ஒரே உரையாடலின் பொதிகளையும் எல்லாக் கேபிள்களிலும் மாற்றி மாற்றி அனுப்பும், உண்மை. அங்கே பொதிகள் முன்பின்னாக வந்து சேர்வதே, கேபிள்கள் ஒன்றாகிவிடவில்லை என்பதற்குச் சாட்சி.