ஆயிரத்தில் எத்தனை?

வில்லாவுட்டில் வளர்ந்த எங்களில் பலருக்கு இலங்கை வரலாறு என்றால் போர்தான். இன்று ஓர் எண்ணின் வரலாற்றைச் சொல்கிறேன்.

உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் எத்தனை பேர் ஒரு வயதுக்குள் இறக்கிறார்கள்? அதுதான் சிசு மரண வீதம். ஒரு நாட்டின் சுகாதாரத்தை அளக்க ஏன் சிசுக்களை எண்ணுகிறார்கள்? தாய் வயிறாரச் சாப்பிட்டாளா, தண்ணீர் சுத்தமா, மலசலகூடம் உண்டா, மருத்துவமாது நேரத்துக்கு வந்தாரா? இவற்றில் எது பிழைத்தாலும் முதலில் அடிபடுவது கைக்குழந்தைதான்.

மலேரியா பரவிய 1935இல் இலங்கையின் வீதம் 263. நாலில் ஒரு குழந்தைக்கு மேல்! 1946இல் அது 141. அடுத்த வருடமே 101. டிடிடி தெளித்து நுளம்பை ஒழித்தார்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவி, மருத்துவமாதுகள் வீடுவீடாகப் போனார்கள். பணக்கார நாடாகாமலே இதைச் சாதித்ததற்காக உலகம் இன்றும் இலங்கையைப் பாராட்டுகிறது.

ஆனால் அந்த எண் நாடு முழுவதுக்குமான சராசரி. தேயிலைத் தோட்டங்களைத் தனியே எண்ணினால் கதை வேறு. அங்கே வைத்திய வசதி பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. 1948இன் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரைக் குடியுரிமை இல்லாதவர்களாக்கியது. கேட்டு வாங்க அவர்களிடம் வாக்குச்சீட்டும் இல்லாமல் போனது. 1974இல் உணவுப் பஞ்சம் வந்தபோது நாட்டின் வீதம் 50 அளவில் நிற்க, தோட்டங்களில் அது 100ஐத் தாண்டியது. பயிரிடச் சொந்தக் காணி இல்லாத மக்கள் கூலியையும் கூப்பன் அரிசியையுமே நம்பியிருந்தார்கள்.

என் அம்மாயி ஹட்டன் பக்கத்து லயத்தில் பிள்ளை பெற்றவர். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஏழு என்பார். நாங்கள் அறிந்த மாமா, சித்திகளோடு அம்மாவையும் சேர்த்தால் ஐந்துதான் வரும்.

பிறகு தோட்டங்களிலும் அந்த வீதம் வெகுவாகக் குறைந்தது. இன்று இலங்கையின் வீதம் பத்துக்கும் கீழே. அவுஸ்திரேலியாவில் ஏறக்குறைய 3. ஆனால் இந்த மண்ணின் ஆதிக்குடிகளின் சிசுக்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வீதத்தில் இறக்கிறார்கள்.

ஆகவே நல்ல சராசரி ஒன்றை யாராவது காட்டினால், அதற்குள் யாருடைய பிள்ளைகள் மறைந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.