கணிப்பொறியின் தொடக்க ஏடு

வேலை முடிந்த மாலை நேரத்தில், பெம்பான் போன்ற சிறு பட்டணங்களின் காப்பிக் கடைகளில் டாம் ஆடுவோரை நாம் பார்த்திருக்கிறோம். பழகிய ஆட்டக்காரர் முதல் ஐந்தாறு காய்களை மளமளவென்று நகர்த்திவிடுவார். அதன் பிறகுதான் தாடையைத் தடவிக்கொண்டு யோசிப்பார். சதுரங்கம் ஆடும் கணிப்பொறிக்கும் இதே பழக்கத்தை மனிதன் கற்றுக்கொடுத்தான். அதற்குத் தொடக்க ஏடு என்று பெயர். அந்த ஏடு வளர்ந்த வரலாற்றை இன்று காண்போம்.

சதுரங்கத்தில் வெள்ளைக்கு முதல் நகர்த்தல் 20 வகை. கறுப்புக்கும் 20 வகை. ஆளுக்கு ஒருமுறை ஆடியதுமே 400 நிலைகள் வந்துவிடுகின்றன. அத்தனையையும் கணக்கிட்டால் நேரம் வீணாகும். ஆகவே வல்லுநர்கள் ஆடித் தெளிந்த வழிகளை முன்கூட்டியே எழுதி வைத்தார்கள்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 'பெல்' என்ற சதுரங்கப் பொறியை உருவாக்கியவர்களில் ஒருவர் கென் தாம்சன். சதுரங்கத் தொடக்கக் களஞ்சியத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு மணி நேரம் என ஏறக்குறைய 3 ஆண்டுகள் அவர் தம் கையாலேயே தட்டச்சு செய்தார். ஏறத்தாழ 3 லட்சம் நகர்த்தல்கள் சேர்ந்தன. 1980இல் அந்தப் பொறி உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் பட்டத்தை வென்றது.

ஏடு பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. மலாக்காவில் புக்கிட் லிந்தாங் என்னும் இடத்தில், 1896இல் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். அன்று முதல் தோட்டத்தார் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு மண்ணில் நன்றாகப் பால் தரும் கன்று, வேறொரு மண்ணில் அப்படித் தராமல் போகலாம். ஏடும் அப்படித்தான். வல்லுநருக்குப் பிடித்த தொடக்கம் பொறிக்குப் பொருந்தாமல் போகலாம். ஏடு முடிந்த இடத்தில் அந்த நிலையின் நோக்கம் புரியாமல், முன்னே வந்த காயையே பொறி பின்னுக்கு இழுக்கும்.

இதற்காக ஏடு அமைப்பவர்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். எண் கூடினால் பொறி அதை அடிக்கடி ஆடும். குறைந்தால் அரிதாக ஆடும். பூச்சியமானால் ஆடவே ஆடாது. வெற்றி தோல்விக்கு ஏற்ப அந்த எண்ணைத் தானே மாற்றிக்கொள்ளும் பொறிகளும் பின்னர் வந்தன. ஆனால் ஓர் ஆட்டத்தில் தோற்றதற்காக நல்ல வழியை வெட்டி எறிவது, ஒருநாள் பால் குறைந்ததற்காக மரத்தைச் சாய்ப்பது போலாகும்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' பொறி வினாடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராயக்கூடியது. அப்படியிருந்தும் அதன் தொடக்க ஏட்டில் கையால் தேர்ந்தெடுத்த சுமார் 4,000 நிலைகளே இருந்தன. ஜோயல் பெஞ்சமின் முதலான கிராண்ட்மாஸ்டர்கள் அவற்றை அமைத்தார்கள். பொறியே இரவு முழுவதும் ஓடி அவற்றைச் சரிபார்த்தது. 1997 மே 11ஆம் நாள், நியூயார்க்கில், உலக வீரர் காஸ்பரோவுடன் கடைசி ஆட்டம். எட்டாவது நகர்த்தலில் டீப் புளூ தன் குதிரையைப் பலிகொடுத்தது. அது பொறி அங்கே கணக்கிட்டுக் கண்டதன்று, ஏட்டில் இருந்தது. அன்று காலையில்தான் அதை ஏட்டில் சேர்த்ததாக, ஏடு அமைத்தவர்களில் ஒருவரான மிகேல் இல்யேஸ்காஸ் பிற்காலத்தில் கூறினார். காஸ்பரோவ் 19 நகர்த்தல்களில் தோல்வியை ஒப்புக்கொண்டார். பொறியின் வெற்றி என்று உலகம் பேசியது. அதற்குள்ளே மனிதரின் உழைப்பும் இருந்தது.

அடுத்த ஆண்டு, நம் தமிழகத்து விசுவநாதன் ஆனந்த் இத்தாலியில் 'ரெபெல்' என்ற பொறியுடன் 8 ஆட்டங்கள் ஆடினார். மொத்தத்தில் பொறி 5-3 என்று வென்றது. விரைவு ஆட்டங்களில் பொறியின் கை ஓங்கியது. ஆனால் நிதானமாக யோசிக்க நேரம் இருந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்றை ஆனந்த் வென்றார். மற்றொன்று சமநிலையில் முடிந்தது. அவருக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார்.

தாய்மார்களே, தந்தைமார்களே! உங்கள் பிள்ளை விடையை மனப்பாடமாக ஒப்பித்தால் மகிழுங்கள். ஆனால் அத்தோடு விட்டுவிடாமல், "ஏன் அப்படி?" என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். ஏடு எங்கேனும் ஓரிடத்தில் முடிந்துதான் போகும். அதற்குப் பிறகு ஆட வேண்டியது நம் பிள்ளைதான்.