பழைய டிவி புள்ளிகளில் பிக் பேங் தெரிந்ததா? வீட்டு டிஷ்ஷை வைத்து அதைப் பிடிக்க முடியுமா?

"சிக்னல் இல்லாத பழைய டிவியில் மொய்க்கும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளில் 1% பிக் பேங்கின் மிச்சம்." இப்படி ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கலாம். பாதி உண்மை. அந்தக் கதிர்வீச்சு ஆன்டெனா வழியாக டிவிக்குள் வந்தது நிஜம்தான். ஆனால், வந்தது வேறு. அதைக் கண்டுபிடிப்பது வேறு.

அது என்ன கதிர்வீச்சு?

பிரபஞ்சம் தோன்றி சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்து, அது ஓரளவு குளிர்ந்த பிறகுதான் ஒளி தடையில்லாமல் பயணிக்கத் தொடங்கியது. பிரபஞ்சம் விரிய விரிய அந்த ஒளியின் அலைநீளமும் நீண்டு, இன்று மைக்ரோவேவாக நம்மை வந்தடைகிறது. இதுதான் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு. எல்லாத் திசையிலிருந்தும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வருகிறது. இதன் வெப்பநிலை 2.725 கெல்வின், அதாவது சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்.

அந்த 1% கணக்கு சரியா?

ரேடியோ இரைச்சலைப் பொறியாளர்கள் கெல்வினில்தான் அளக்கிறார்கள். பழைய டிவி சேனல்கள் இயங்கிய 100 மெகாஹெர்ட்ஸ் அளவில், நம் பால்வீதி மண்டலத்தின் இரைச்சலே பல நூறு கெல்வின். டிவியின் சொந்த எலக்ட்ரானிக்ஸ் இரைச்சல் அதற்கு மேல். இதில் 2.7 கெல்வின் எவ்வளவு? 1 சதவீதத்துக்கும் கீழேதான். இன்றைய டிஜிட்டல் டிவியில் அந்தப் புள்ளிகளும் இல்லை. சிக்னல் இல்லையென்றால் ஒரு வரிச் செய்தி காட்டும், அவ்ளோதான்.

டிடிஎச் டிஷ் உதவுமா?

டிவியைவிட இது நல்ல கருவி. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி, 11 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்கிறது. அங்கே பால்வீதியின் இரைச்சல் மிகக் குறைவு. பயன்பாட்டில் இல்லாத பழைய டிஷ் ஒன்றும், டிஷ் பொருத்துபவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் ஃபைண்டர் மீட்டரும் கிடைத்தால் நீங்களே பார்க்கலாம். இந்தியாவிலிருந்து பார்த்தால் டிவி செயற்கைக்கோள்கள் தெற்குப் பக்கம் இருப்பதால், டிஷ்ஷை வடக்கு வானத்துக்குத் திருப்புங்கள். மீட்டர் இறங்கும். எல்என்பி முன்னால் உள்ளங்கையை வையுங்கள். மீட்டர் ஏறும். கை சுமார் 300 கெல்வின் சூட்டில் இருக்கிறது. வானமோ அதைவிட ரொம்பக் குளிர்ச்சி.

அப்போ பிக் பேங்கைப் பிடித்துவிட்டோமா? இன்னும் இல்லை. எல்என்பியின் சொந்த இரைச்சலே 35 முதல் 75 கெல்வின் வரை இருக்கும். காற்று மண்டலம் சில கெல்வின் சேர்க்கும். பக்கத்துச் சுவரும் தரையும் கொஞ்சம் சேர்க்கும். இவை ஒவ்வொன்றையும் அளந்து கழித்தால்தான் 2.7 மிஞ்சும். அதற்கு 77 கெல்வினில் இருக்கும் திரவ நைட்ரஜன் போல, வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த குளிர்ந்த பொருள் ஒன்று ஒப்பிடத் தேவை. டிஷ்ஷைப் பல கோணங்களில் சாய்த்து, காற்றின் பங்கைத் தனியாகக் கணக்கிடவும் வேண்டும்.

முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இதே கழித்தல் கணக்கில்தான். அமெரிக்காவின் நியூஜெர்சியில், பெல் ஆய்வகத்தின் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1964-ல் ஒரு கொம்பு வடிவ ஆன்டெனாவைச் சோதித்தார்கள். திரவ ஹீலியத்தால் குளிரூட்டிய பொருளோடு ஒப்பிட்டபோது, வானத்திலிருந்து 6.7 கெல்வின் வந்தது. காற்று மண்டலத்துக்கு 2.3, ஆன்டெனாவுக்கு 0.9 கழித்தார்கள். 3.5 மிஞ்சியது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுத்தம் செய்து பார்த்தும் அது போகவில்லை. முடிவு 1965-ல் வெளியானது. 1978-ல் நோபல் பரிசு.

கழித்தல் தப்பினால் என்ன ஆகும்?

2018-ல் ஆஸ்திரேலியாவில் இருந்த எட்ஜஸ் ஆன்டெனா, 78 மெகாஹெர்ட்ஸில் இந்தப் பின்னணிக் கதிர்வீச்சு சுமார் அரை கெல்வின் குறைவதாகக் காட்டியது. முதல் நட்சத்திரங்களின் தடயம் என்று உலகமே பேசியது. இதைச் சரிபார்க்க, பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகம் சரஸ் 3 என்ற கருவியைக் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டது. தரைக்கு அடியில் மண்ணும் பாறையும் மாறி மாறி இருந்து அளவைக் குழப்பும். தண்ணீர் ஒரே சீரானது. 2022-ல் வந்த முடிவு: எட்ஜஸ் சொன்ன சிக்னல் 95.3% நம்பகத்தன்மையுடன் நிராகரிப்பு.

அதனால், வீட்டிலேயே பிக் பேங்கைப் பிடித்ததாக ஒரு வீடியோ வந்தால் மீட்டர் ஆடுவதை மட்டும் பார்க்காதீங்க. எதையெல்லாம் கழித்தார்கள், ஒவ்வொன்றும் எத்தனை கெல்வின் என்று கேளுங்கள்.