தேவசகாயம் தேடிய தெய்வம்

இறைவனைத் தேடாத மனிதர் அரிது. எதற்காகத் தேடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. நோய் தீர, வழக்கு வெல்ல, பிள்ளைக்கு வேலை கிடைக்க என்று தேடுவோர் பலர். இறைவனை இறைவனுக்காகவே தேடினவர் சிலர். அச்சிலருள் ஒருவர், குமரி மண் ஈன்ற மறைசாட்சி புனித தேவசகாயம்.

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் அலுவல் பார்த்தார். செல்வாக்குக்குக் குறைவில்லை. ஆயினும் கால்நடைகள் மடிந்தன, பயிர் பொய்த்தது. மனம் சோர்ந்தார். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்து வந்த கத்தோலிக்கரான டிலனாய் அவருடைய நண்பர். நண்பரின் துயரத்தைக் கேட்ட அவர், விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். துன்பம் ஏன் வந்தது என்று கேட்டு வந்தவர், துன்பத்திலும் கைவிடாத கடவுள் யார் என்று தேடத் தொடங்கினார்.

அத்தேடல் அவரை வடக்கன்குளத்திற்கு அழைத்துச் சென்றது. அங்கே சேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் 1745 மே 14 அன்று அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்னும் பெயரின் பொருளான 'தேவசகாயம்' அவர் பெயராயிற்று.

யோபுவுக்கு இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பின. தேவசகாயத்துக்கோ இருந்தவையும் போயின. 1749 பிப்ரவரியில் கைதானார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர், அடித்தனர், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வதைத்தனர். அவர் மறுதலிக்கவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அவரது கல்லறை உள்ளது.

அவர் கண்டடைந்த கடவுள் எல்லார்க்கும் தந்தை. ஆகவே உயர்சாதியில் பிறந்தும், மக்கள் யாவரும் சமம் என்று போதித்தார். சாதி பாராமல் பழகினார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது சாதிப்பெயர் சேர்க்கப்படவில்லை.

ஆனால் ஒரு வேதனை. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரிக்கும் சுவர் நின்றது. 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. திருமுழுக்கோடு தேடல் முடிந்துவிட்டது என்று எண்ணினால் இத்தகைய சுவர்கள் எழும்.

அன்பார்ந்த பங்கு மக்களே! யூபிலி கொண்டாடும் நம் கோவிலில் சுவர் ஏதுமில்லை. தேர் வடம் பிடிக்கையில், கல்லறைத் தோட்டத்தில், சம்பந்தம் பேசும் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத சுவர் உண்டா? ஒவ்வொருவரும் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம். உண்டென்றால், அதை இடிப்பதே இவ்வாண்டில் நாம் இறைவனைத் தேடும் வழி. புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!